கல்லாவருகே தங்கமீன்

ராசிக்கென்று கடையில் மீன்தொட்டி வைக்கும் வணிக அன்பர்கள் பலர், நான்காம் நாள் மீன் செத்து மிதந்தால் திருஷ்டி என்பார்கள். ஆறு தங்கமீன்களைப் பறிகொடுத்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரையே ஊற்றுங்கள். மீன் வந்த பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடவேண்டும்.

அதைவிடப் பெரிய எமன் இரைதான். மீனின் கழிவும் மிச்ச இரையும் அமோனியா என்ற நஞ்சாகும். அதை முறிக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இரண்டே மீன், ஒரு சிட்டிகை இரை, வாரந்தோறும் கால் பங்கு புதுத் தண்ணீர். சரக்கு வாங்க வருவோரின் குழந்தைகள் இரை போட ஆசைப்படுவார்கள். டப்பாவைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.