முயல் திரும்பும் இடம்

குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒருமுறைதான் அதன் நான்கு குளம்புகளும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பும். கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்க்கு அது இரண்டு முறை. பின்னங்கால்கள் உந்தித் தள்ளியதும் உடம்பு முழுக்க நீண்டு காற்றில் மிதக்கிறது. முன்னங்கால்கள் தரையைத் தொட்டு எழுந்ததும் முதுகு வளைந்து, பின்னங்கால்கள் முன்னங்கால்களையும் தாண்டி முன்னே வர, மறுபடியும் ஒரு மிதப்பு. நொடிக்கு மூன்று, மூன்றரைப் பாய்ச்சல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 மீட்டர்.

வெறுங்கண்ணுக்கு இது பிடிபடாது. எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் விலங்குகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து 1887இல் தொகுத்து வெளியிட்டபோதுதான் பாய்ச்சலின் உள்கணக்கு தெரிந்தது. ஆனால் அந்த ஓட்டத்தை ஊர் முழுக்கக் கூடிப் பார்க்கும் காலம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

நாய்ப் பந்தயத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் முதல் தோல்விதான். 1876இல் லண்டனை ஒட்டிய ஹெண்டனில் ஒரு பொம்மை முயலைத் தண்டவாளத்தில் இழுத்துவிட்டு அதன் பின்னால் கிரேஹவுண்ட் என்ற அந்த வகை வேட்டை நாய்களை ஓடவிட்டார்கள். 400 கஜம், நேர்கோடு. வேகமான நாய் முதலில் வந்தது, அவ்வளவுதான். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று கூட்டம் கலைந்துவிட்டது. பிறகு 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் வட்டத் தடம் அமைத்து, இயந்திர முயலை அதைச் சுற்றி ஓடவைத்தார். வளைவு வந்ததும் ஓட்டத்துக்கு உயிர் வந்தது. வளைவில் உள்பக்கம் நுழைகிற நாய், வெளியே தள்ளப்படுகிற நாய், கடைசி வளைவில் முந்துகிற நாய் என்று பார்ப்பதற்கு விஷயம் கிடைத்தது.

1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் நகரின் பெல் வூ திடலில் இங்கிலாந்தின் முதல் வட்டத் தடப் பந்தயம் நடந்தது. வந்தவர்கள் 1,700 பேர் அளவில். அடுத்த ஆண்டே லண்டனின் ஒயிட் சிட்டி மைதானம் உட்பட நாடெங்கும் தடங்கள் முளைத்துவிட்டன. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே நடப்பது. நாய்ப் பந்தயமோ ஆலை வேலை முடிந்து வருகிறவன் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய மாலை நேரத்து ஆட்டம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அது தொழிலாளர்களின் ஆட்டமாக வேரூன்றியதற்குச் சூதாட்டம் ஒரு காரணம், இந்த நேரமும் தூரமும் இன்னொரு காரணம்.

அந்தக் காலத்தின் நாயகன் மிக் தி மில்லர். அயர்லாந்தின் ஒரு கிராமத்துப் பாதிரியார் வளர்த்த நாய். 1929, 1930 என்று தொடர்ந்து இரண்டு முறை இங்கிலீஷ் டெர்பி நாய்ப் பந்தயத்தை வென்றது. 525 கஜத்தை 29.82 நொடியில் கடந்து, 30 நொடிக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் நாய் என்று பெயர் வாங்கியது. மீட்டரில் போட்டுப் பார்த்தால் 480 மீட்டர்; சராசரி மணிக்கு 58 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வளைவுகளில் திரும்பி, முட்டி மோதி ஓடிய ஓட்டத்துக்கு இந்தச் சராசரி. உசேன் போல்ட்டின் உச்ச வேகமே மணிக்கு 44 கிலோமீட்டரை ஒட்டித்தான். மிக் 1939இல் இறந்தது. பதப்படுத்திய அதன் உடல் இங்கிலாந்தின் டிரிங் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

பந்தயம் கிழக்கேயும் வந்தது. 1928இல் ஷாங்காயில் கேனிட்ரோம் என்ற பந்தயத் தடம், 1932இல் மக்காவ் நகரில் ஒன்று. 1933இல் பஞ்சாபின் கிலா ராய்ப்பூரில் கிராம விளையாட்டு விழா தொடங்கியது. அங்கே ரேக்ளா மாதிரி மாட்டு வண்டிகளோடு கிரேஹவுண்டுகளும் ஓடிப் பேர் வாங்கின.

நம் பக்கத்தில் தடம் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்கென்றே உருவான நாய் இருந்தது, முயலும் இருந்தது, தரையும் இருந்தது.

தரையிலிருந்து தொடங்குவோம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கரில் விரிந்து கிடக்கும் சரளை மேடு. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டித் தாழிகளையும், உச்சியில் எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகளையும் எடுத்த இடம். தெற்கே போனால் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் செம்மண் தேரி. வடக்கே ஆற்றைத் தாண்டி ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல். பரம்பு, தேரி, கரிசல் மூன்றுக்கும் பொது ஒன்று: மறைப்பு குறைவு. மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு விதைத்த கம்பும் உளுந்தும் பாசியும் தை, மாசியில் வீடு வந்துவிட்டால், அடுத்த மழை வரை காடு வெட்டவெளிதான். அங்கங்கே ஒரு உடைமரம், ஓடைக்கரையில் கொஞ்சம் புதர். முயல் கிளம்பினால் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், ஒளிய இடமில்லை. அடர்ந்த காட்டில் மோப்ப நாய்க்கு வேலை. வெட்டவெளியில் கண்ணும் காலும் உள்ள நாய்க்கு வேலை.

அப்படி வந்தவைதான் கன்னியும் சிப்பிப்பாறையும். சிப்பிப்பாறை என்ற ஊர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நாய்கள் கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரம் முழுக்க உண்டு. கன்னி என்றால் பெரும்பாலும் கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, கால்களில் அதே பழுப்பு. நீண்டு ஒடுங்கிய முகம், ஆழமாக இறங்கிய நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு. விலா எலும்பை எண்ணிவிடலாம். பழக்கமில்லாதவர்கள் நாயைப் பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று வருத்தப்படுவார்கள். கம்பங்கூழை வயிறு முட்டக் குடித்துவிட்டு வாசலில் படுத்திருந்தாலும் அதன் தோற்றம் அப்படித்தான். இங்கிலாந்துக் கிரேஹவுண்டின் பக்கத்தில் நிறுத்தினால் இது சற்றுச் சின்னது, எடை குறைவு. ஆனால் உடம்பின் வரைபடம் ஒன்றே. ஒரே மாதிரித் தரையில் ஒரே வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் உடம்பு ஒரே வடிவத்துக்குத்தான் வரும்.

கன்னி நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் அந்த நெஞ்சு ஏன் அவ்வளவு ஆழம் என்பது புரியும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பே இல்லாததால், இதயத்தின் ஒவ்வொரு அடியும் கையில் நேராக வந்து மோதும். பந்தயத் தடங்கள் இருந்ததால் கிரேஹவுண்டின் இதயத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். மற்ற நாய்களுக்கு இதயம் உடல் எடையில் நூற்றுக்கு 0.8 பங்கு அளவில் இருந்தால், கிரேஹவுண்டுக்கு 1.2 பங்கு. ஓட்டத்தின்போது நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடிக்கிறது. அதைவிட வியப்பு மண்ணீரல். ஓய்வாக இருக்கும்போது சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கும் அந்த உறுப்பு, ஓட்டத்துக்கு ஆயத்தமாகும்போது சுருங்கி அவற்றை ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. ரத்தத்தின் அளவில் பாதிக்கும் வெகு அதிகமான பங்கு சிவப்பணுவாகவே ஆகிறது. மனித ஓட்டக்காரர் இப்படிச் செய்தால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வார்.

இந்த வேகத்துக்கு விலை சூடு. அரை நிமிட ஓட்டத்திலேயே கிரேஹவுண்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கரிசல் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. மெல்லிய தோல், ஒட்ட வெட்டியது போன்ற குட்டை மயிர், கொழுப்பில்லாத ஒல்லி உடம்பு எல்லாம் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றத்தான். அப்படியும் விடியற்காலை ஓட்டம்தான் அதற்குச் சரி.

கண்ணுக்கு வருவோம். நம் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் இடம் ஒரு புள்ளி. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை அதன் பக்கம் திருப்பியாக வேண்டும். 2004இல் சிட்னியைச் சேர்ந்த பால் மெக்ரீவியும் கூட்டாளிகளும் பல நாய்களின் விழித்திரைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பக் மாதிரிச் சப்பை முக நாய்களில் நரம்பணுக்கள் நடுவில் குவிந்திருந்தன. நீள முக நாய்களில் அவை கிடைமட்டமாக, ஒரு பட்டையாக விரிந்திருந்தன. அதாவது அடிவானம் முழுக்க ஒரே சமயத்தில் கூர்மை. தலையைத் திருப்பாமலே இடதுகோடியில் ஒரு காது அசைவதும் வலதுகோடியில் ஒரு புல் அசைவதும் அதற்குத் தெரியும். நிறத்தில் நீலமும் மஞ்சளும்தான் அதற்கு உண்டு, சிவப்பு மங்கல். அசைவுதான் அதற்கு எல்லாம். அதனால்தான் தண்டவாளத்தில் ஓடும் துணி பொம்மையைக்கூட அது உயிரைக் கொடுத்துத் துரத்துகிறது.

இத்தனையும் இருந்தும் முயல் அடிக்கடி தப்பிவிடும். நம் காட்டு முயல், பிடரி கருத்தது, வேகத்தில் நாயிடம் தோற்கும். அதன் ஆயுதம் திருப்பம். நாய் வாய்க்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டென்று பக்கவாட்டில் வெட்டி ஓடும். நாய் நேரே போய்விடும். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. திரும்பும் வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு விலங்கு தன் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அதற்கு 26 மீட்டர் ஆரமுள்ள வளைவு வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் ஆரம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது: ஆறரை மீட்டர். மெதுவாக ஓடுவதே முயலுக்குப் பலம். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ஆலன் வில்சன் குழு ஆப்பிரிக்காவில் சிவிங்கிப்புலிக்கும் இம்பாலா மானுக்கும் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி அளந்து 2018இல் சொன்னதும் இதுதான். இரை உச்ச வேகத்தில் ஓடினால் அதன் அடுத்த அடி எங்கே விழும் என்று துரத்துபவன் ஊகித்துவிடுவான். வேகத்தை அடக்கி, கடைசி நொடியில் திரும்பும் இரைக்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே துரத்தும் நாய்க்கும் திருப்பம் தெரிந்திருக்க வேண்டும். அதே வில்சனும் ஜேம்ஸ் அஷர்வுட்டும் 2005இல் கிரேஹவுண்டுகளை இறுக்கமான வளைவில் ஓடவிட்டுப் படமெடுத்தார்கள். மனிதன் வளைவில் ஓடும்போது வேகம் குறையும். கால் தாங்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு, அதனால் பாதம் தரையில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. கிரேஹவுண்டின் பாதம் தரையைத் தொடும் நேரம் வளைவிலும் மாறவில்லை. கால்களின் மேல் விழுந்த விசை மட்டும் நூற்றுக்கு 65 கூடியது, அது தாங்கிக்கொண்டது. காரணம், அதன் உந்துசக்தி இடுப்பிலிருந்து வருகிறது. எடையைத் தாங்குவது வேறு உறுப்புகள். சைக்கிள் மிதிப்பவரின் தொடை வண்டியை ஓட்டுகிறது, எடையைச் சீட்டு சுமக்கிறது அல்லவா, அந்த மாதிரி என்று அவர்களே விளக்கினார்கள். கரிசலிலும் முயல் திரும்பியபோது கூடவே திரும்ப முடிந்த நாய்க்குத்தான் குட்டி எடுத்திருப்பார்கள். கன்னி, சிப்பிப்பாறை உடம்பின் பாதியை முயல்தான் வடித்தது என்பேன்.

பந்தயத் தடம் இந்தத் திறமையை எடுத்துக்கொண்டு ஒரே பக்கமாகப் பூட்டிவிட்டது. தடங்களில் நாய்கள் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புகின்றன. வாரம் தவறாமல் அந்தக் கூடுதல் விசை வளைவின் வெளிப்பக்கத்து வலப் பின்னங்காலில் இறங்குகிறது. அந்தக் காலின் கணுக்கால் மூட்டு நடுவே ஒரு சின்ன எலும்பு உண்டு. பந்தய நாய்களில் வலப்பக்கத்து எலும்பு இடப்பக்கத்தைவிட அடர்த்தியாக இறுகிப்போயிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இறுகியும் பயனில்லை, உடைவதும் பெரும்பாலும் அதுவேதான். காயங்கள் முதல் வளைவைச் சுற்றியே குவிகின்றன, நாய்கள் எல்லாம் ஒரே கோட்டுக்கு முட்டிக்கொள்வதால். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் தடங்களை ஆராய்ந்து, எட்டுக்குப் பதில் ஆறு நாய்கள் ஓடட்டும், தடம் நேராக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார்கள். மக்காவ் தடம் 2018இல் மூடப்பட்டபோது 500க்கு மேற்பட்ட நாய்கள் கூண்டுகளில் மிஞ்சின; அவற்றுக்கு வீடு தேட வேண்டியதாயிற்று. நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் இந்தப் பந்தயத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

கரிசலில் முயல் ஒருமுறை இடப்பக்கம் வெட்டும், மறுமுறை வலப்பக்கம். எந்தக் காலும் எப்போதும் வெளிக்காலாக இருப்பதில்லை. ஆனால் அந்த வேட்டையும் இன்று கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலுக்குக் காவல் தருகிறது, தரவும் வேண்டும். அஞ்சல் துறை 2005இல் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் இருந்தது, கன்னியும் சிப்பிப்பாறையும் இல்லை. பின்னாளில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு சிப்பிப்பாறையைத் தனி இனமாகப் பதிவு செய்தது. அதன் பிறகு சென்னை, கோயம்புத்தூர் அடுக்குமாடிகள்வரை குட்டிகள் போகின்றன. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கயிற்றில் கட்டித் தெருவைச் சுற்றி அழைத்துப்போவது அந்த உடம்புக்குப் போதாது. சுற்றுவேலி போட்ட திறந்த மைதானம், வெயில் ஏறுமுன் சில நிமிடம், எறிகிற பந்து இடமும் வலமும் மாறி மாறிப் போக வேண்டும். ஓடி முடித்த நாய்க்கு மூச்சு அடங்கும்வரை நிழல் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும்.