நமீபு சவ்வுக்கால் பல்லி

நமீபு சவ்வுக்கால் பல்லி (பாக்கிடாக்டிலசு ராங்கெயி) என்பது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபுப் பாலைவனத்தில் வாழும் ஒரு பல்லி இனம் ஆகும். இது நமீபியாவிலும், அதனை அடுத்துள்ள அங்கோலா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பாலைப் பகுதிகளிலும் காணப்படுகிறது. 1908 ஆம் ஆண்டில் சுவீடிய விலங்கியலாளர் லார்சு கேபிரியல் ஆண்டர்சன் இவ்வினத்தை முதன்முதலில் விவரித்தார். செருமானிய நிலவியலாளர் பால் ராங்கெயின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. இது முன்னர் பால்மாட்டோகெக்கோ என்னும் தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது.

அடையாளங்கள்

இதன் நான்கு கால்களிலும் விரல்கள் சவ்வினால் முழுமையாக இணைக்கப்பட்டுள்ளன. வாத்து, தவளை போன்றவற்றின் விரலிடைச் சவ்வு நீந்துவதற்குப் பயன்படுகிறது. நீரற்ற மணலில் வாழும் இப்பல்லிக்கோ அது மணலைத் தோண்டித் தள்ளும் மண்வெட்டியாகவும், இளகிய மணலில் கால் புதையாமல் நடக்கவும் உதவுகிறது. சவ்வினுள் சிறு குருத்தெலும்புகளும் நுண்ணிய தசைகளும் உள்ளன. வீட்டுப் பல்லிகள் சுவரில் ஏறப் பயன்படுத்தும் ஒட்டும் தகடுகள் இதன் விரல்களில் காணப்படுவதில்லை.

தோல் மெல்லியது, இளஞ்சிவப்பு நிறமானது. அதனூடாக உள்ளுறுப்புகள் ஓரளவு தெரியும். கண்கள் பெரியவை, கண்மணி செங்குத்தானது. அசையும் இமைகள் இல்லாததால், இது தன் நாக்கினால் கண்களை நக்கித் தூய்மை செய்கிறது.

வடமேற்கு நமீபியாவில் வாழும் பாக்கிடாக்டிலசு வான்சைலி என்னும் நெருங்கிய உறவினத்தில் விரலிடைச் சவ்வு குறைவாகவே வளர்ந்துள்ளது. இதைக் கொண்டு இவ்விரு இனங்களையும் வேறுபடுத்தி அறியலாம்.

வாழ்முறை

இது ஓர் இரவு விலங்கு. பகலின் வெப்பத்தைத் தவிர்க்க, தானே தோண்டிய வளையில் தங்கி, இருட்டிய பின் வெளிவந்து பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்கிறது. மழை அரிதான இப்பாலைவனத்தில், அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் மூடுபனி இதன் உடலில் நீர்த்துளிகளாகப் படிகிறது. அத்துளிகளை நக்கி நீரைப் பெறுகிறது. பெண் பல்லி பொதுவாக இரண்டு முட்டைகளை மணலில் இடும்.

ஒளிர்தல்

புற ஊதா ஒளியில் இப்பல்லியின் கண்ணைச் சுற்றியும் உடலின் பக்கவாட்டிலும் உள்ள கோடுகள் பச்சை நிறத்தில் ஒளிர்வது 2021 இல் வெளியான ஆய்வொன்றில் விளக்கப்பட்டது. பச்சோந்திகளில் எலும்பிலிருந்து தோன்றும் ஒளிர்வைப் போலன்றி, இது தோலிலுள்ள நிற உயிரணுக்களில் தோன்றுகிறது. கோடுகள் உடலின் கீழ்ப்பக்கவாட்டில் அமைந்திருப்பதால், மேலிருந்து நோக்கும் எதிரிகளுக்கு அவை எளிதில் புலப்படா. தரைமட்டத்தில் நிற்கும் மற்றொரு சவ்வுக்கால் பல்லிக்கோ தெரியும். எனவே, நிலவொளியில் தம் இனத்தை அடையாளம் காண இவ்வொளிர்வு உதவக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.