தரைவழித் தீவு – 9: பொம்மசந்திராவில் ஒரு சமுத்திரம்

போன வாரம் அநுராதபுரத்து வெள்ளரசு மரத்தடியில் விட்டேன். வில்பத்துக் காட்டில் சிறுத்தைக்குக் காத்துக் கிடந்த கதை அதற்கு முந்தைய வாரமே முடிந்தது. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்த வாரம் சிகிரியாக் குன்றில் ஏறிவிட்டுப் பொலன்னறுவையின் கல் விகாரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்பேட்டில் எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பொம்மசந்திரா ஏரிப் பக்கம் நடக்கப் போனபோது ஒரு பெரியவர் சொன்ன ஒற்றைச் சொல் மூன்று நாளாக என்னை விடவில்லை. கட்டுரை நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய தாத்தா ஆனேக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நீருகண்டியாக இருந்தவர். ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிடுகிறவர், நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்போமே, அவர். ஓசூர் சாலை நெடுகக் காதில் விழும் கன்னடம் கலந்த தமிழ்தான் பெரியவருடையதும். இலங்கைக் குளங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும், "அப்போ நம்ம ஊரு பேருக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்குமே" என்றார். நிலா என்றேன்.

"சந்திரன் அல்லப்பா. சமுத்ரா. பொம்ம சமுத்ரா. கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்குல தேஞ்சு சந்த்ரா ஆயிடுச்சு."

ஊர்ப்பெயர் ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். கன்னட நாட்டில் பெரிய ஏரி வெட்டி அதற்குக் கீழே ஊர் அமைத்தால், ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள். ஏரியின் பெயர் ஊருக்கு வந்தது. நாளடைவில் சமுத்ரம் சந்த்ரம் ஆனது. லக்கசந்திரா, திப்பசந்திரா, சூடசந்திரா எல்லாம் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடத்தின் 16 நிலையங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா, கடைசியில் பொம்மசந்திரா. மூன்று சமுத்திரங்களைத் தொட்டுத்தான் தினமும் அந்த ரயில் வருகிறது. முதல் வாரத்தில் எங்கள் ஊரை நிலவின் பெயர் கொண்ட தொழிற்பேட்டை என்று எழுதியிருந்தேன். தவறு. திருத்திக்கொள்ளுங்கள்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று அங்கே ஊருக்கு ஊர் சமுத்திரம்தான். ஒன்றின் பக்கத்திலும் கடல் கிடையாது. ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்ததற்குக் காரணம் வேறு. போன ஆகஸ்டில் பொலன்னறுவையில், இன்னொரு சமுத்திரத்தின் கரையில் நான் நின்றிருந்தேன்.

அது பராக்கிரம சமுத்திரம். கதுருவெலயைச் சேர்ந்த நாநாவின் வானில்தான் அந்த வாரம் முழுக்கப் பயணம். கரைமேல் வண்டியை நிறுத்தினார். எதிர்க்கரை தெரியவில்லை. காற்றில் அலை அடித்துக் கற்களில் மோதியது. கூழைக்கடாக்கள் படகுகள்போல மிதந்தன. "இது கடலா நாநா?" என்றேன். "குளம்தான் சேர். ஆனா கடலெண்டு சொன்னாலும் பிழையில்ல. எங்கட வாப்பா இந்தத் தண்ணியிலதான் வயல் செஞ்சவர்" என்றார்.

முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டவர். ஏற்கனவே இருந்த தோப்பவாவி முதலான குளங்களைச் சேர்த்து, அம்பன் கங்கையிலிருந்து கால்வாய் இழுத்து, ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு மண்கரை போட்டு இதை எழுப்பினார். பொம்மசந்திராவிலிருந்து கிட்டத்தட்ட சில்க் போர்டு வரை ஒரே கரை, நாற்பதடி உயரத்தில் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை சரிந்ததும் குளத்தைக் காடு மூடியது. பல நூற்றாண்டுகள் கழித்து, இருபதாம் நூற்றாண்டில்தான் அதைத் திரும்பச் செப்பனிட்டார்கள். கரையோரப் பாறையில் செதுக்கிய ஒரு பெரியவரின் சிலை இருக்கிறது. பராக்கிரமபாகுதான் என்பார்கள் சிலர். யாரோ முனிவர் என்பார்கள் சிலர். கையில் இருப்பது ஏடா நுகமா என்பதிலும் வழக்கு உண்டு. நான் நுகம் கட்சி. குளம் கட்டியவர் கையில் நுகம் இருப்பதே பொருத்தமாகப் படுகிறது.

சொற்களைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் குளத்துக்கு வெவ. பாலி மொழியின் வாபி அப்படி ஆனது. அதே வாபிதான் நமக்கு வாவி. மட்டக்களப்பு வாவி என்று இன்றும் சொல்கிறோம். கன்னடத்தில் குளத்துக்குக் கெரே. ஏரி என்ற சொல்லும் கன்னடத்தில் உண்டு, ஆனால் அங்கே அது கரையைக் குறிக்கும். அந்தக் கெரேவும், மலையாளத்துச் சிறயும், தமிழில் அணைக்குப் பெயரான சிறையும் ஒரே வேர்ச்சொல். தண்ணீரைச் சிறை வைத்த மூன்று மொழிக்காரர்களும் ஒரே சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். நம் தூம்பு கன்னடத்தில் தூபு. நாநாவின் ஊரில் அதற்குத் துருசு என்று பெயர். மழைக்காலத்தில் குளம் நிரம்பி வழிந்தால் வான் பாயுது என்பார்கள். என் ஊரில் அதைக் கலிங்கு மறுகால் போகிறது என்போம். ஆனேக்கல் பெரியவர் கோடி விழுந்தது என்கிறார்.

துருசு என்றதும் பிசோகொடுவவைச் சொல்லாமல் நகர முடியாது. நாற்பதடித் தண்ணீரை மண்கரையின் அடியில் ஒரு துளை வழியாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பீறிட்டு வரும் வேகம் துளையைச் சுற்றியுள்ள மண்ணை அரிக்கும். ஒரு பருவத்தில் கரையே போய்விடும். இந்தச் சிக்கலை இலங்கையின் பழைய குளக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். கரையின் உள்பக்கத்தில் கல்லால் ஒரு சதுரக் கிணறு. குளத்துத் தண்ணீர் கீழ்வழியாக முதலில் அந்தக் கிணற்றுக்குள் வருகிறது. அங்கே மேலெழும்பி, சுவரில் மோதி, வேகம் அடங்கி நிற்கிறது. அப்புறம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மறுபக்கத்துக் கால்வாய்க்குப் போகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் இந்தக் கிணறுகளை அளந்து பார்த்து மலைத்துப்போனார். இன்றைய அணைகளின் அடைப்புக் கோபுரங்களுக்கு மூதாதை இதுதான் என்று 1909-ல் வெளியான தன் நூலில் வாதிட்டார். நம் குமிழித் தூம்பும் சளைத்ததல்ல. அடைப்புக் கல்லைத் தூக்கினால் தண்ணீர் ஒரு துளையிலும் அடிச்சேறு இன்னொரு துளையிலும் போகும். ஏரி தானே தூர் வாரிக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பள்ளிப் பாடப்புத்தகத்திலாவது படம் போட மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம்.

ஞாயிறு மாலை நான் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியைக் கட்டினான். அங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு ஒரு கால்வாய். ஜயகங்கை என்றும் யோத எல என்றும் பெயர், நீளம் 87 கிலோமீட்டர். அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். ஆறு அங்குலம் என்றால் கையில் எடுக்கும் பேனா நீளம். எங்கள் மஞ்சள் தடம் 19.15 கிலோமீட்டர், ஏறக்குறைய 12 மைல். பொம்மசந்திரா நிலையத்திலிருந்து அதே சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டினால், ஆர்.வி. ரோடு போய்ச் சேரும்போது ஆறடி இறங்கியிருக்கும். ஒரு ஆள் உயரம். அவ்வளவுதான். இன்றைய அளவுக் கருவி ஒன்றும் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கால்வாய்க்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் நிலத்தின் மேடே கரை. மேட்டில் பெய்த மழை தடையில்லாமல் உள்ளே இறங்கும். வழியில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்க்குளங்களும் அதனால் வாழும். ஒன்றின் கழிவு நீர் அடுத்ததன் வரத்து என்று இறங்கிப் போகும் அந்த ஊர்க்குள வரிசையை எல்லங்காவ என்கிறார்கள். 2017-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அதை உலக வேளாண் மரபுச் சின்னமாக ஏற்றது.

யானைகளுக்கு வருகிறேன். அவற்றுக்காகத்தான் பலர் இந்த வாரத்தைக் காத்திருந்தீர்கள் என்று கடிதங்கள் சொல்கின்றன.

ஹபரணையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் சாலையில் மின்னேரியாக் குளம். மகாசேன மன்னன் கட்டியது, 4,670 ஏக்கர். பௌத்தத்தின் தலைமை மடத்தையே இடித்த அரசன் அவன். ஆனாலும் இந்த ஒரு குளத்துக்காக அவனை மின்னேரித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுக் காடெல்லாம் காய்ந்துவிடும். அப்போது சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதால் குளம் வற்றி, ஈரமான அடிநிலத்தில் இளம்புல் முளைத்திருக்கும். அதைத் தேடித்தான் நாலாபக்கத்துக் காட்டிலிருந்தும் யானைகள் வருகின்றன. 300 வரை ஒரே இடத்தில் கூடியதுண்டு. நான் பார்த்த மாலையில் 74 வரை எண்ணினேன். அதற்குள் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குள் கலந்துவிட்டது. ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. நம் காட்டில் மக்னா ஒன்றைப் பார்த்தால் ஆளுக்கு ஆள் சொல்லுவோம். அங்கே தந்தம் உள்ளதைப் பார்த்தால்தான் ஜீப்புகளெல்லாம் ஓடுகின்றன. குட்டிகள் தாய்களின் காலிடுக்கில் நின்றபடி புல்லைப் பிடுங்கி, மண்ணை உதறத் தெரியாமல் மண்ணோடு தின்றன.

உலகமே இதைக் காட்டின் அதிசயம் என்று வந்து பார்க்கிறது. எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது வேறு. அந்தப் புல், நெல் விளைவித்தவர்கள் விட்டுச் சென்ற மிச்சம். யானைகளின் பஞ்சாங்கத்தைத் துருசு திறப்பவர்தான் எழுதுகிறார். அதனால்தான் துருசின் கணக்கு மாறினால் யானைகளின் கணக்கும் மாறிவிடுகிறது. 2018-ல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் செயல்பாட்டுக்கு வந்த பிறகு, வறண்ட மாதங்களிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்து புல்வெளி மூழ்கிய ஆண்டுகள் உண்டு. அப்போதெல்லாம் யானைகள் மெலிந்தன, பக்கத்துக் கவுடுல்லைக்குப் போயின, வயல்களுக்குள் இறங்கின. 2023-ல் மட்டும் அந்தத் தீவில் 470 யானைகளுக்கு மேல் இறந்தன. 2025 பிப்ரவரியில் ஹபரணைப் பக்கம் இரவு ரயில் ஒரு கூட்டத்தில் மோதி, குறைந்தது ஆறு யானைகள் செத்தன. "யானை வேலி அடிச்சிருக்கு, யானை வெடி குடுக்கிறாங்க. யானைக்குப் புல்லுக் குடுக்கிறதுதான் இல்ல" என்றார் நாநா. அவருடைய மச்சான் வயல் ஒரே இரவில் போனவர். ஆனாலும் நாநா யானையைத் திட்டி நான் கேட்கவில்லை.

இதை எழுதும்போது என் வீட்டு மாடிக்கு மேற்கே பன்னேருகட்டாக் காடு இருக்கிறது. கேழ்வரகு முற்றும் காலத்தில் அங்கிருந்து கிளம்பும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, நொகனூர் வழியாக ஓசூர்ப் பக்கத்துச் சானமாவுக் காடு வரை வருகின்றன. வழியில் அவை தண்ணீர் குடிப்பது யாரோ வெட்டிய ஏரிகளில். பக்கத்துச் சந்தாபுரா ஏரி கெட்டதற்காக, 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. பெரியவரிடம் அதைச் சொன்னேன். பதில் சொல்லாமல், தண்ணீரில் ஆகாயத்தாமரை மூடியிருந்த மூலையைக் கைநீட்டிக் காட்டி, "தூபு அங்கதான் இருந்துச்சு" என்றார். இருவரும் போய்த் தேடினோம். ஒரு கல்தூணின் தலை மட்டும் தெரிந்தது.

பொலன்னறுவைச் சோழர் கோயிலும், கல் விகாரையும், ஹபரணையில் தாமரை இலையில் சாப்பிட்ட தாமரைக்கிழங்குக் கறியும் இடமின்றி நிற்கின்றன. எல்லாம் வரும். முதலில் சிகிரியா. அதற்கும் ஒரு குளத்திலிருந்துதான் போக வேண்டியிருக்கிறது.

கலாவாவி கட்டிய தாதுசேனனிடம், ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று மகன் காசியப்பன் கேட்டான். தகப்பன் அவனுடைய ஆட்களைக் கலாவாவிக்கு அழைத்துப் போனான். இறங்கிக் குளித்தான். தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன்னிடம் உள்ள செல்வம் இதுதான் என்றான். மகன் அவனை உயிரோடு சுவரில் வைத்துப் பூசச் செய்தான் என்கிறது சூளவம்சம்; குளக்கரையிலேயே புதைத்தான் என்பது ஊர் வழக்கு. அதன்பின் அந்த மகன் அநுராதபுரத்தில் இருக்கப் பயந்து, காட்டு நடுவே ஒரு பாறையின் உச்சியில் போய் அரண்மனை கட்டினான். அந்தப் பாறைக்குத்தான் அடுத்த வாரம் ஏறுகிறேன். அடிவாரத்துத் தோட்டத்தில் அவன் வைத்த நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீய்ச்சுகின்றன.