மருவுக்குச் சுண்ணாம்பு பூசாதீர்கள்

பிறப்புறுப்பில் மரு வந்தால் மட்டக்களப்பின் படுவான்கரையில் முதலில் நடப்பது மறைப்பு. அடுத்தது சுண்ணாம்பும் சவர்க்காரமும். அதற்கும் போகாவிட்டால் பாமசியில் கால் ஆணிக்கென்று வாங்கிய மருந்து. அது பாதத்தின் தடித்த தோலுக்கானது. மெல்லிய தோலில் பட்டால் வெந்து புண்ணாகும். பிறகு எது மரு, எது மருந்துப் புண் என்று வைத்தியருக்கே பிரித்தறிவது பாடாகிவிடும். வேண்டாம், பூசாதீர்கள்.

போக வேண்டிய இடம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் எஸ்.ரி.டி. (பாலியல் நோய்) கிளினிக். மண்டூரில் இருப்பவர்கள் படகுப் பாதையில் வாவியைத் தாண்டிக் குருமண்வெளிக்குக் கடந்து, பிரதான வீதியில் மட்டக்களப்பு பஸ் ஏறலாம். வேறு வைத்தியரின் துண்டு தேவையில்லை, காசும் இல்லை. விபரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். டெங்குக்கு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டத் தெரிந்த சுகாதாரத் துறைக்கு, இந்தக் கிளினிக் நடக்கும் நாளை ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வரி எழுதிப் போட என்ன தயக்கம்?

அங்கே மருந்து பூசுவார்கள், அல்லது குளிரூட்டி உறைய வைத்து உதிர்ப்பார்கள். பூசிய இடம் ஆற ஒன்றிரண்டு கிழமை போகும். ஆனால் ஒரு தடவையில் முடியாது. கிழமைக்கொரு முறை என்று பல முறை வரச் சொல்வார்கள். முழுதாக மறைய இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். பலர் இரண்டாம் முறையோடு நின்றுவிடுகிறார்கள். மரு மறைந்தாலும் கிருமி தோலில் தங்கியிருக்கக்கூடும். முதல் மூன்று மாதத்தில் திரும்ப முளைப்பது சாதாரணம். முளைத்தால் திரும்பப் போங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

இரத்தம் எடுத்தால் மறுக்காதீர்கள். சிபிலிசும் சிலவேளை மருவைப் போலவே தடித்துத் தெரியும். அதற்கு மருந்து வேறு. கணவனையோ மனைவியையோ கூட்டிப் போங்கள், சண்டை பிடிக்காதீர்கள். கிருமி தொற்றி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கழித்தே மரு வரும். யார் கொண்டுவந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருவுக்குப் பூசும் பொடோபிலின் மருந்து அவர்களுக்குக் கூடாது. பெரும்பாலும் மருவை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியின் 6, 11 வகைகள் புற்றுநோய் தருவன அல்ல. ஆனாலும் 35 வயதான பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை செய்யுங்கள். அதுவும் இலவசம். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு முறை போடுகிறார்கள். சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் அன்றே கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.