நீண்டது காலா, சாய்ந்தது இடுப்பா?

ஸ்கூடாயில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றி ஆறு வாரம் ஆகியிருந்தது. பழைய வலி போய்விட்டது. ஆனாலும் வாசலில் ஜப்பான் சிலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இடது பக்கத்துக்கு மட்டும் அடியில ஒரு ரப்பர் ஒட்டிக் கொண்டாய்யா. வலது காலு நீளமாப் போச்சு."

ரப்பருக்கு முன் ஃபிசியோவைப் பார்க்கப் போனோம். அவர் அளவு நாடாவை எடுத்து இரண்டு முறை அளந்தார். முதலில் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை: இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு தொப்புளிலிருந்து உள்கணுக்கால் வரை: வலது கால் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல்! எக்ஸ்ரேயிலும் எலும்பில் வித்தியாசம் இல்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நேராக நின்று, முழங்காலை மடக்காமல் இடது இடுப்பை மட்டும் மேலே இழுங்கள். இடது குதிகால் தரையை விட்டு எழும்பும். ஒரே நொடியில் இடது கால் குட்டை, வலது கால் நீளம். எலும்பு வளரவில்லை, இடுப்பு சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியம்மாவின் இடுப்பு ஏன் சாய்ந்தது? குருத்தெலும்பு தேயத் தேய, கால் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி வந்தது. இடுப்பின் வெளிப்பக்கத் தசைகளும் அதற்கேற்பச் சுருங்கிக்கொண்டன. அறுவை சிகிச்சை அந்த உயரத்தை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தது. இழுபட்ட தசை விறைத்து இடுப்பை அந்தப் பக்கமாகக் கீழே சாய்க்க, பழைய நிலையையே நேர் என்று பழகிப்போன மூளை, புதிய கால் நீளம் என்று தீர்ப்புச் சொல்கிறது. முதுகெலும்பு வளைந்து இறுகியிருந்தாலும் இப்படியே தோன்றும்.

இந்தியாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய சித்தரஞ்சன் ராணாவத்தை, அன்றைய இந்தியப் பிரதமர் வாஜ்பாயியின் முழங்கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவராகப் பலருக்குத் தெரியும். அவரும் ஒரு சகாவும் 1997இல் இதைப் பற்றி எழுதினார்கள். இடுப்பு மூட்டு மாற்றிய 100 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் இந்தச் சாய்வு இருந்தது. ஆறு மாதத்துக்குள் அத்தனை பேருக்கும் சரியானது. எனக்கு மிகவும் ஆறுதல் தந்த எண்கள் இவை.

அந்த மாதங்களில்தான் அவசரப்பட்டு ரப்பர் ஒட்டக் கூடாது. சாய்ந்த இடுப்புக்கு முட்டுக் கொடுத்தால், சுருங்கிய தசை நீளவேண்டிய தேவையே இல்லாமல் போகும். உண்மையிலேயே கால் நீண்டவர்களும் உண்டு. மூட்டு கழலாதபடி தசையை இறுக்க, மருத்துவர் சில சமயம் சில மில்லிமீட்டர் கூட்டித்தான் வைப்பார். சாய்வு விலகிய பிறகும் வித்தியாசம் நின்றால், அப்போது செருப்பை உயர்த்துவது நியாயம். திடீரெனக் கடும் வலி வந்து கால் குறுகித் திரும்பிக்கொண்டால் கதையே வேறு: மூட்டு கழன்றிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தசையை இழுக்கும் பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்யக் கூடாது. ஏனென்றால், முதல் சில வாரங்கள் காலைக் குறுக்கே போடக் கூடாது என்ற கட்டுப்பாடு பலருக்கு உண்டு. எது, எப்போது என்பதை அறுவை செய்த முறை தெரிந்த ஃபிசியோதான் சொல்லவேண்டும்.

எங்கள் ஃபிசியோ பெரியம்மாவுக்குக் கொடுத்த ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி முன்னால் இரண்டு எடை மெஷின், ஒவ்வொன்றிலும் ஒரு கால். முதல் நாள் இடது பக்கம் 36 கிலோ, வலது பக்கம் 22. "நான் சமமாத்தானே நிக்கிறேன்!" என்றார் பெரியம்மா. ஃபிசியோ பதில் பேசாமல் முள்ளைக் காட்டினார். பெரியம்மா அதையே பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வலது காலுக்குப் பாரத்தை மாற்றினார்.