கம்பும் களமும்

வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களில் போட்டிக்கெனத் தற்காப்புக்கலை பயில விழையும் மாணவர்க்கு, ஆசான் அருகில் இருப்பதே முதற்காரணமாக அமைவதுண்டு. அது தவறன்று. எனினும் அக்கலையில் வெற்றி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும்.

சிலம்பத்தையே எடுத்துக்கொள்வோம். மரபான போட்டியில் கம்பின் நுனியில் சாந்து தடவி, எதிராளியின்மீது பதிந்த பொட்டுகளை எண்ணி வெற்றியை முடிவுசெய்தனர். இன்றைய தொடுமுறைப் போட்டியிலும் கம்பு உடலைத் தொட்டாலே புள்ளி கிடைக்கும். ஆகவே, அடியின் வலிமையைவிடக் காலடி வரிசையும் விலகும் விரைவுமே அங்குப் பயன்தரும். தனித்திறன் போட்டியிலோ கம்பு சுழற்றும் நேர்த்தி மதிப்பிடப்படுகிறது. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் தோற்பது வியப்பன்று.

களம் எதுவரை நீள்கிறது என்பது அடுத்த வினா. டேக்வாண்டோ, 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்க விளையாட்டாக நிலைபெற்றுள்ளது. 2021இல் டோக்கியோவில் இடம்பெற்ற கராத்தே, 2024இல் பாரீசில் இடம்பெறவில்லை. அதனையே நம்பிப் பயின்றோர் என் செய்வர்? சிலம்பம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆயினும் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

பதினொன்றாம் வகுப்பில் பயிற்சியைத் தொடங்குபவர், தம் ஆசானின் மாணவர்கள் இதுவரை எப்போட்டிகளில், எப்பிரிவில் களமிறங்கினர் என்பதைச் சேருமுன் கேட்டறியலாம்.