ஒரு கோப்பு, இரண்டு பெயர்

2019-இல் அத்திவரதரைத் தரிசிக்கக் காஞ்சிபுரத்தில் 48 நாள் திரண்ட கூட்டத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. தல வரலாறு சொல்வது இது: வரதராஜப் பெருமாள் கோயில் கருவறையில் முதலில் இருந்தது அத்திமரத் திருமேனி. பின்னாளில் பழைய சீவரத்திலிருந்து வந்த கல் திருமேனி அங்கே எழுந்தருள, மரத் திருமேனி அனந்தசரஸ் குளத்தின் அடிக்குப் போனது. சந்நிதி அதே, வரதர் என்ற பெயரும் அதே, திருமேனிதான் வேறு. கணினியில் 'சேவ்' அழுத்தும்போது பல எடிட்டர்கள் ஏறக்குறைய இதையேதான் செய்கின்றன.

கோப்பைச் சேமிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய கோப்பைத் திறந்து, உள்ளதை அழித்து, அதே இடத்தில் எழுதுவது. அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவே கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே கவனமான எடிட்டர் சுற்றுவழியில் போகிறது. புதிய வாசகத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் இந்தப் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். மற்ற நிரல்களுக்குப் பழையது தெரியும், அல்லது புதியது தெரியும்.

நடுவிலுள்ள அந்த உறுதிசெய்தலை விட்டால் என்ன ஆகும் என்பது 2009-இல் தெரிந்தது. அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4 கோப்பு முறையில், கணினி திடீரென நின்றபின் சிலருடைய கோப்புகள் வெறும் பூஜ்ஜியம் பைட்டாகக் கிடந்தன. தப்பு நிரலிலா, கோப்பு முறையிலா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது.

சுற்றுவழி இடறும் இடம் ஹார்டு லிங்க். யூனிக்ஸில் உள்ளடக்கத்துக்கு 'ஐநோடு' என்ற எண்ணிட்ட பதிவு ஒன்று இருக்கும். நாம் பார்க்கும் பெயர் அந்த எண்ணைக் காட்டும் குறிப்பு மட்டுமே. ஒரே எண்ணுக்குப் பல பெயர் வைக்கலாம்; இதுவே ஹார்டு லிங்க். அவற்றில் அசல், நகல் என்ற பேதமில்லை. கடைசிப் பெயர் நீங்கும்வரை கோப்பு அழியாது.

பட்டுக்கடைக் கணினியில் 'விலைப்பட்டியல்' என்ற கோப்புக்கு 'ஆடி விலை' என்று இரண்டாம் பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் எழுதினால் இரண்டிலும் புது விலை தெரியும். சுற்றுவழியில் சேமித்தால் 'விலைப்பட்டியல்' புது ஐநோடுக்கு மாறிவிடும். 'ஆடி விலை' பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் எரிச்சல்.

ஈமேக்ஸ் எடிட்டர் வழக்கமாகப் பழைய கோப்பையே காப்புப் பெயருக்கு மாற்றிவிட்டுப் புதிதாக எழுதும். லிங்க் இருந்தால் அப்படிச் செய்யாதே என்று சொல்ல அதில் தனி அமைப்பு உண்டு. பிராம் மோலெனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டர் இன்னும் சமர்த்து. அதன் 'பேக்கப்காப்பி' அமைப்பு யூனிக்ஸில் இயல்பாக 'ஆட்டோ' நிலையில் இருக்கும். லிங்க் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் அறுக்காமல் எழுதும்.

அறுக்காமல் விடுவதே எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. ஆர்சிங்க் என்ற நிரலைக் கொண்டு நாள்தோறும் காப்பு எடுப்பவர்கள், மாறாத கோப்புக்கு நேற்றைய காப்பிலிருந்தே ஹார்டு லிங்க் போடவைத்து இடத்தை மிச்சப்படுத்துவார்கள். அந்தக் காப்பிலுள்ள ஒன்றை அதே இடத்தில் திருத்தினால் நேற்று, முந்தாநாள், போன மாதம் எல்லாம் சேர்ந்து மாறும். அங்கே அறுப்பதுதான் உபகாரம். விம்மில் அதற்கும் 'பிரேக்ஹார்டுலிங்க்' இருக்கிறது.

லினக்ஸில் 'எல்எஸ்' கட்டளையோடு 'எல்', 'ஐ' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஐநோடு எண்ணும், அதற்கு எத்தனை பெயர் என்பதும் தெரியும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலும் ஹார்டு லிங்க் உண்டு. பென் டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32-இல் கிடையாது. அங்கே இரண்டு பெயர் என்றால் இரண்டு கோப்புதான்.